பிழை திருத்தம்

ஒன்பது நாள் நான் அவினோவுடன் பேசவில்லை.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பள்ளிக் கழிப்பறைச் சுவரோரம் வாந்தியெடுத்தபோது
ஓமெனா மீன் சேரவில்லை என்றாள்.
ஏரிக்கரையில் பிறந்தவளுக்கு
ஓமெனா சேராமல் போகுமா?
நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.
சட்டைப் பொத்தான் தெறித்து
வேதியியல் மேசைக்கடியில் உருண்ட அன்றுதான்
சொன்னாள்.
பதினாறு வயது. மூன்றாம் படிவம். ஐந்தாம் மாதம்.
படகுத்துறையில் மோட்டார் பைக் ஓட்டுகிறவன்
சிம் கார்டை மாற்றிவிட்டான்.

என் கோபம் அவன்மேல்கூட இல்லை.
ஐந்து மாதம் என்னிடம் மறைத்திருக்கிறாளே!
பாதியாகப் பிய்க்காத மண்டாசி
ஒன்றுகூட இருந்ததில்லை எங்களுக்குள்.

பத்தாம் நாள் ஊசிநூலோடு போனேன்.
அவள் சீருடையின் பக்கத் தையலைப் பிரித்து
என் பழைய பாவாடையில் வெட்டிய
முக்கோணத் துண்டை வைத்துத் தைத்தேன்.
நிறம் ஒத்துப்போகவில்லை.
அவளுடையது வெளுத்த நீலம்,
என்னுடையது இன்னும் வெளுத்தது.
"ஏரி மாதிரி இருக்கு," என்றாள்,
"கரையில் ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம்."
சிரித்தோம். பிறகு அவள் மட்டும் அழுதாள்.
நான் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்.
அது எப்போதோ அறுந்திருந்தது.

எங்கள் பெஞ்சில் ஐந்து பேர்.
திங்களன்று நான்கு. புதனன்று மூன்று.
வெள்ளிக்கிழமை நானும் அவளும்
அவள் வயிறும்.
"காலை நீட்டிக்கோ," என்றேன்.

எட்டாம் மாதம் அவள் வருவதை நிறுத்தினாள்.
அப்பா வீட்டில் பேசுவதையே நிறுத்தியிருந்தார்.
அம்மா, கதவுகளை அறைந்து சாத்தும் சத்தத்தில்
பேசிக்கொண்டிருந்தாள்.

ஒரு ரகசியம்.
முதல் படிவத்திலிருந்தே
கணக்கை அவளைப் பார்த்துத்தான் எழுதினேன்.
இனி யாரைப் பார்ப்பது?
வேறு வழியில்லாமல்
பாடத்தைக் கவனிக்கத் தொடங்கினேன்.
இரண்டு நோட்டு: எனக்கொன்று, அவளுக்கொன்று.
அவளுடையதில் மட்டும்
கையெழுத்து அழகாக இருக்கும்.

எங்கள் லுவோ வீடுகளில்
பிறந்த வேளைதான் பெரும்பாலும் பெயர்.
உச்சிவெயிலில் பிறந்தால் அச்சியெங்,
நள்ளிரவென்றால் அவூர்,
விடிகிற வேளை என்றால் அமோண்டி.
நான் அகேயோ, அறுவடை நாளில் வந்தவள்.
அவினோ என்றால்
கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தவள்.
அந்தப் பயம் அவளுக்குக் கடைசிவரை இருந்தது.
"மணியைப் பார்த்து வை," என்றாள்.
"எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.
உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

சுகாதார நிலையத்தில் விளக்கு போயிற்று.
செவிலியின் நெற்றியில் டார்ச்.
அவள் என் விரல்களைப் பிடித்த பிடியில்
எந்த விரல் யாருடையதென்று தெரியவில்லை.
கைபேசி கட்டிலுக்கடியில் எங்கோ விழுந்தது.
விழட்டும்.
"கொடி சுற்றியிருக்கா?" என்று
அவள் கேட்டாளா, நான் கேட்டேனா?
இல்லை. சுற்றவில்லை.
முதலில் ஒரு தும்மல். அப்புறம்தான் அழுகை.

"நேரம்?" என்றார் செவிலி, பேரேட்டை விரித்து.
நேரமா?
என்னிடம் கொடுத்த ஒரே வேலை.
தகரக் கூரையில்
யாரோ மக்காச்சோளத்தைக் கொட்டுவதுபோல் இரைச்சல்.
"மழை," என்றேன், "மழை பெய்யும் நேரம்."
பேரேட்டில் அதை எழுத இடமில்லை.
பெயரில் இருந்தது: அகோத்.
வெந்நீர்ப் பேசினோடு அவளுடைய அம்மா
கதவுச் சத்தமே இல்லாமல் உள்ளே வந்தாள்.

மூன்று வாரம் கழித்து நோட்டுகளோடு போனேன்.
மார்பில் அகோத்,
முழங்காலில் இருபடிச் சமன்பாடு.
நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன்.
பொய் எதற்கு, எதிர்பார்த்தேன்தான்.

"பதினேழாம் பக்கம்," என்றாள்,
"கழித்தல் குறியை விழுங்கிட்டே.
அங்கிருந்து கடைசிவரை அத்தனையும் தப்பு.
சிவப்புப் பேனா வைத்திருக்கியா?"

எத்தனை மாதமாயிற்று, அவள் என்னைத் திட்டி!
பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத்
தேடிக்கொண்டிருந்தேன்.
அகோத் விக்கினாள்.
"இவளை ஒரு நிமிஷம் பிடி," என்றாள்.